முடியாத ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி? எங்கள் குடும்பக் கணிப்புப் போட்டியின் 2022 பருவம்

2023 ஜனவரி 3, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் குடும்பத்தின் அமெரிக்கக் கால்பந்துக் கணிப்புப் போட்டிக்கான கூகுள் ஷீட்டைத் திறந்தேன். அக்கா மகனின் பெயர் பச்சை நிறத்தில் இருந்தது. வாரம் 17-ல் அவன்தான் முதல் என்று அர்த்தம். அந்த ஷீட்டை அமைத்தவள் நான். ஓர் ஆட்டத்தில் யாரும் ஜெயிக்காவிட்டால் எல்லோருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டுக் கூட்டிக்கொள்ளும்படி சூத்திரம் எழுதியிருந்தேன். இரவு முழுக்க அமெரிக்காவே, ஆட்டத்தின் நடுவே மைதானத்தில் சரிந்த ஓர் இளைஞன் பிழைப்பானா என்று விழித்திருந்தது. சூத்திரம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

பள்ளிக்குக் கிளம்பும் முன் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சித்தி, பச்சையை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் என்ன போடுவது என்று முடிவுசெய்ய நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளையும், அதற்கு முன் அந்தப் பருவத்தில் நாங்கள் விட்ட ஓட்டைகளையும் இங்கே பதிவு செய்கிறேன். வீட்டுக்குள் இப்படி ஒரு போட்டி நடத்துகிறவர்கள் நிறையப் பேர். பணம் இல்லாத போட்டிக்கு விதி எதற்கு என்று பெரும்பாலும் நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போட்டியும் ஆட்களும்

எங்கள் போட்டி 2020 செப்டம்பரில் தொடங்கியது. கொரோனாவால் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத காலம். மாமா நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், அக்கா குடும்பம் ஒஹாயோவின் சின்சினாட்டி அருகே, நானும் கணவரும் நியூஜெர்சியில், மாமா மகள் சிகாகோவில். வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லோரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேச ஏதாவது வேண்டியிருந்தது. அமெரிக்கக் கால்பந்தைவிட நல்ல சாக்கு கிடைக்கவில்லை. ஏழு பேர் ஆடுகிறோம். அத்தை மட்டும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கிறது என்பார்.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் 32 அணிகள். 2021 முதல் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள், அவை 18 வாரங்களில் பரவிக் கிடக்கும். பருவத்துக்கு மொத்தம் 272 ஆட்டங்கள். யாருக்கும் ஓய்வு வாரம் இல்லாதபோது வாரத்துக்கு 16 ஆட்டம் வரும். ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டும். கூடவே எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதற்கு 1 முதல் 16 வரை புள்ளி வைக்க வேண்டும். ஓர் எண்ணை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். 16 வைத்த ஆட்டம் சரியாக வந்தால் 16 கிடைக்கும், தவறினால் ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக வந்தால் 136. வாரத்தின் முதலிடத்தில் இருவர் சமமாக வந்தால், திங்கள் இரவு ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எத்தனை புள்ளி எடுக்கும் என்று யார் நெருக்கமாகச் சொன்னாரோ அவருக்கு வாரம். வியாழன் இரவு முதல் ஆட்டம் தொடங்கும்போது தாள் பூட்டப்படும்.

பரிசு என்று பெரிதாக எதுவும் கிடையாது. வாரம் வென்றவர் அடுத்த வாரத் தாளின் மேல் வரியில் தனக்குத் தோன்றியதை எழுதலாம். பருவம் வென்றவரின் பெயரும் ஆண்டும் மார்க்கர் பேனாவால் ஒரு பழைய பந்தில் எழுதப்படும். அந்தப் பந்து அடுத்த ஓராண்டு அவர் வீட்டில் இருக்கும். பந்து மாமாவுடையது.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1992-ல் ராச்செஸ்டருக்கு வந்தார். அந்த ஊரில் குடியேறினால் பஃபலோ பில்ஸ் ரசிகராவதைத் தவிர வேறு வழி இல்லை. 1993 ஜனவரி 3 அன்று ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கு எதிராக பில்ஸ் 3–35 என்று பின்தங்கி, மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஃப்ராங்க் ரைக்கை வைத்துக்கொண்டு, கூடுதல் நேரத்தில் 41–38 என ஜெயித்தது. டிக்கெட் எல்லாம் விற்றுத் தீராததால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அந்த ஆட்டம் வரவில்லை. அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில் ஆட்டத்தின் விதிகூடச் சரியாகப் புரியாமல் ரேடியோவில் அதைக் கேட்டதாகச் சொல்வார். அதற்குப் பிறகு அந்த அணி அவரை அழவைத்ததே அதிகம். சூப்பர் பவுல் என்னும் லீக் இறுதி ஆட்டத்தில் தொடர்ந்து நான்கு தோல்விகள், அவற்றில் கடைசி இரண்டு, 2000 முதல் 2016 வரை 17 பருவங்கள் பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளின் வாசலையே மிதிக்காத வறட்சி, 2022 ஜனவரியில் கடைசி 13 வினாடியில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸிடம் கைநழுவிய ஆட்டம். இருந்தும் பில்ஸ் தோற்கும் என்று மாமா ஒரு வாரம்கூடத் தாளில் எழுதியதில்லை. பில்ஸின் பரம எதிரியான பேட்ரியட்ஸ் ஜெயிக்கும் என்றும் எழுதியதில்லை.

அக்கா மகனுக்கு அப்போது 11 வயது. சின்சினாட்டி அணியான பெங்கால்ஸின் ரசிகன். அவன் முறை எளிமையானது: இதுவரை அதிக ஆட்டம் ஜெயித்த அணியை எழுதுவான், இரண்டும் சமமென்றால் கடைசிச் சில வாரங்களைப் பார்ப்பான். அக்கா எப்போதும் சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கே ஓட்டுப் போடுவாள். அது மோசமான யோசனை இல்லை, பல பத்தாண்டுகளாகச் சொந்த ஊர் அணிகள் பாதிக்குச் சற்று மேல் ஜெயித்து வந்திருக்கின்றன. பாவம், அவள் தொடங்கிய 2020-ல் அரங்குகள் காலியாகக் கிடந்தன. அந்தப் பருவத்தில் சொந்த ஊர் அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, 1 சமன். நாணயம் சுண்டிப் போட்டிருந்தாலும் அவளுக்கு அதே முடிவுதான் கிடைத்திருக்கும்.

எங்களில் சரியாக ஆடுகிறவள் மாமா மகள். பந்தயச் சந்தை எந்த அணியை முன்னே வைக்கிறதோ அதை அப்படியே எழுதி, எவ்வளவு முன்னே வைக்கிறது என்பதற்கு ஏற்பப் புள்ளிகளை அடுக்கிவிடுவாள். ஐந்து நிமிட வேலை. சந்தை முன்னே வைக்கும் அணி ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஆட்டங்களில் ஜெயிக்கிறது. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும் நம்மால் அதைத் தாண்டிப் போவது கடினம். ஆனால் அவள் வாரப் பட்டம் வாங்குவது அபூர்வம். ஏழு பேரில் யாராவது ஒருவர் தன் கிறுக்குத்தனம் பலித்து மேலே போய்விடுவார். அடுத்த வாரம் அது வேறொருவராக இருக்கும். அவள் எப்போதும் இரண்டாவதோ மூன்றாவதோ. குடும்பப் போட்டியின் அழகே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். திறமை பருவம் முழுக்க மெதுவாகச் சேரும். வாரத்துக்கு வாரம் தெரிவது அதிர்ஷ்டம். பதினொரு வயதுப் பையனும் அறுபது தாண்டிய தாத்தாவும் சரிசமமாக மோத முடிவது அதனால்தான்.

பதினாறும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று சிறியவன் ஒவ்வொரு வாரமும் ஆசைப்படுவான். ஒருநாள் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று வைத்து, பதினாறு முறை பெருக்கினால், சுமார் 650 வாரங்களுக்கு ஒரு முறை வருகிறது. எல்லா வாரமும் 16 ஆட்டம் என்று எடுத்தாலும் 36 பருவம். "அப்போ எனக்கு 47 வயசு ஆயிடும்" என்றான். ஆனாலும் விடவில்லை.

ஓட்டைகள் முன்பே தெரிந்தன

2022 பருவம் முதல் வாரத்திலேயே எச்சரித்தது. செப்டம்பர் 11 அன்று கோல்ட்ஸும் டெக்ஸன்ஸும் கூடுதல் நேரமும் முடிந்து 20–20 என்று நின்றன. கூடுதல் நேரத்தை 2017-ல் 15 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகக் குறைத்த லீக் இது. சமன் வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்களிடம் அதற்கு விதி இல்லை. கோல்ட்ஸ் மேல் 14 வைத்திருந்த அத்தான் பாதிப் புள்ளி கேட்டார். நான் சூத்திரம் பூஜ்யம் என்கிறதே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார், நானும் அத்தோடு மறந்தேன். டிசம்பர் 4 அன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஈஸ்ட் ரதர்ஃபோர்டில், ஜயன்ட்ஸும் கமாண்டர்ஸும் அதே 20–20-ல் முடித்தன. மீண்டும் பூஜ்யம். இந்த முறை இழந்தது என் கணவர். முன்பு அத்தானுக்குக் கொடுக்காததை இவருக்குக் கொடுக்க முடியாது, அதனால் விவாதமே எழவில்லை. விவாதம் எழாததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

நடுவில் நவம்பரில் பஃபலோ பனிப்புயல். பில்ஸ் அரங்கம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறடிக்கு மேல் பனி. பிரவுன்ஸுடனான நவம்பர் 20 ஆட்டத்தை லீக் டெட்ராய்டுக்கு மாற்றியது. தாள் பூட்டப்படும் வியாழக்கிழமையன்றுதான் அறிவிப்பு வந்தது. 'சொந்த மைதானம்' பார்த்து ஓட்டுப் போடும் அக்கா திகைத்துப் போனாள். பில்ஸுக்கு இது சொந்த மைதானமா, இல்லையா? மாற்றிக்கொள்ளலாமா? கேட்டுவிட்டு, மாமா முகத்துக்காக பில்ஸையே வைத்துக்கொண்டாள். பில்ஸ் 31–23 ஜெயித்தது. இங்கேயும் முடிவு நல்லபடியாக அமைந்ததால் கேள்வி கேள்வியாகவே நின்றுவிட்டது.

டிசம்பர் 17 ஒரு தனிக் கதை. கோல்ட்ஸ் இடைவேளைக்கு 33–0 முன்னிலை. வைக்கிங்ஸ் அதைத் துரத்திப் பிடித்து, கூடுதல் நேரத்தில் 39–36 என ஜெயித்தது. லீக் வரலாற்றிலேயே பெரிய மீட்சி. மாமா 30 ஆண்டாகப் போற்றி வைத்திருந்த பில்ஸ் சாதனை அன்றோடு போனது. அதே ஃப்ராங்க் ரைக் அந்தப் பருவத்தில் கோல்ட்ஸின் பயிற்சியாளராக இருந்து நவம்பரில்தான் நீக்கப்பட்டிருந்தார். மாமா அன்று இரவு எல்லோருக்கும் தனித்தனியாக ஃபோன் செய்து அதைச் சொன்னார். வைக்கிங்ஸ் மேல் 15 வைத்திருந்த சிறியவனுக்கு மட்டும் இரண்டு முறை.

வாரம் 17

அந்த வாரத்துக்குள் நுழையும்போது பருவ மொத்தத்தில் மாமா முதலிடம், சிறியவன் மூன்று புள்ளி பின்னால். மற்ற ஐந்து பேர் எட்டாத தூரத்தில். கடைசி ஆட்டம் ஜனவரி 2, திங்கள் இரவு, சின்சினாட்டியில்: 12–3 (12 வெற்றி, 3 தோல்வி) என்ற கணக்கில் இருந்த பில்ஸ், 11–4-ல் இருந்த பெங்கால்ஸ். தாத்தாவின் அணியும் பேரனின் அணியும். மாமா பில்ஸ் மேல் 16 வைத்திருந்தார். சிறியவன் பெங்கால்ஸ் மேல் 9. பாசம் எவ்வளவு இருந்தாலும் அவன் கணக்குப் பிள்ளை.

ஞாயிறு இரவு நிலவரத்தை முழுசாகத் தருகிறேன். பின்னால் வரும் சிக்கல் இந்த எண்களில்தான் இருக்கிறது.

சிறியவன் ஐந்து ஆட்டம் தவறவிட்டிருந்தான். 16 வைத்த ஈகிள்ஸ், குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் காயத்தால் ஆடாத நிலையில் செயின்ட்ஸிடம் 10–20 தோற்றது. 13 வைத்த வைக்கிங்ஸ் கிரீன் பேயில் 17–41 நொறுங்கியது. பிறகு ரேவன்ஸ் (8), கமாண்டர்ஸ் (4), டால்ஃபின்ஸ் (2). மீதிப் பத்தும் சரி. மொத்தம் 84.

மாமா நான்கைத்தான் தவறவிட்டார்: ஈகிள்ஸ் (15), ரேவன்ஸ் (11), பேட்ரியட்ஸை எதிர்த்து எழுதிய டால்ஃபின்ஸ் (10), ஜெட்ஸ் (5). பதினொன்று சரி. மொத்தம் 79.

ஆக, பில்ஸ் ஜெயித்தால் மாமாவுக்கு 95, பெங்கால்ஸ் ஜெயித்தால் சிறியவனுக்கு 93. பருவத்தின் மிகப் பெரிய ஆட்டம் எங்கள் வீட்டிலும் மிகப் பெரிய ஆட்டமாக அமைந்துவிட்டது. எல்லோரும் வீடியோ அழைப்பில் இருந்தோம்.

முதல் கால்பகுதி. பெங்கால்ஸ் 7–3 முன்னிலை. ஒன்பது மணிக்குச் சற்று முன், பில்ஸின் 24 வயதுத் தடுப்பாட்டக்காரர் டமார் ஹாம்லின், பந்தோடு வந்த டீ ஹிக்கின்ஸைப் பிடித்து வீழ்த்தினார். எழுந்து நின்றார். ஓரிரு அடி, அப்படியே பின்னால் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டிருந்தது. மைதானத்திலேயே சி.பி.ஆர். கொடுத்தார்கள், மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தினார்கள். சக வீரர்கள் சுற்றி வட்டமாக நின்று மறைத்துக்கொண்டார்கள். முகம் பொத்தி அழுதவர்களை டிவி காட்டியது. ஆம்புலன்ஸ் அவரைச் சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, ஆட்டம் அன்று தொடராது என்று அறிவித்தார்கள்.

எங்கள் அழைப்பில் யாரும் பேசவில்லை. சிறியவன்தான் கேட்டான்: "தாத்தா, அவர் பிழைச்சுடுவாரா?" மாமா, "பக்கத்துலயே நல்ல ஆஸ்பத்திரி இருக்குடா கண்ணா, உங்க ஊர்தானே" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அக்கா டிவியை அணைத்துவிட்டு அவனைத் தன் அறையில் படுக்கவைத்தாள்.

மூன்று வழி, மூன்று முடிவு

ஜனவரி 5, வியாழக்கிழமை மருத்துவர்கள் பேசினார்கள். கண்விழித்த ஹாம்லின், குழாய் இருந்ததால் பேச முடியாமல், எழுதிக் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: நாம் ஜெயித்தோமா? நீ வாழ்க்கை ஆட்டத்தை ஜெயித்துவிட்டாய் என்று மருத்துவர்கள் பதில் சொன்னார்களாம். எங்கள் குழுவில் மூன்று நாளாகக் கனத்துக் கிடந்த மௌனம் அன்று உடைந்தது. அன்று மாலையே, அந்த ஆட்டம் மீண்டும் நடத்தப்படாது என்று லீக் அறிவித்தது. 272-க்குப் பதில் 271.

சரி, இப்போது தாள். வாரம் 18-ன் முதல் ஆட்டம் ஜனவரி 7, சனிக்கிழமை மாலை. அதற்குள் பருவ நிலவரம் தெரிய வேண்டும். யார் முன்னால், எவ்வளவு முன்னால் என்பதைப் பார்த்துத்தான் கடைசி வாரத்தில் எவ்வளவு துணிவது என்று முடிவெடுப்பார்கள். நான் மூன்று வழிகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் வழி, என் சூத்திரம் செய்தது: ரத்தான ஆட்டத்துக்கு எல்லோருக்கும் பூஜ்யம். சிறியவன் 84, மாமா 79. பேரனுக்கு வாரம். பருவத்திலும் அவன் இரண்டு புள்ளி முன்னால் போவான்.

இரண்டாம் வழி: யார் தவறும் இல்லையே, அதனால் வைத்த புள்ளியை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. மாமா 95, சிறியவன் 93. தாத்தாவுக்கு வாரம், பருவ முன்னிலை ஐந்தாக ஏறும்.

மூன்றாம் வழி: அந்த ஆட்டம் பட்டியலிலேயே இருந்திருக்காவிட்டால் தாள் எப்படி இருந்திருக்கும்? 15 ஆட்டம், 1 முதல் 15 வரை புள்ளிகள். ரத்தான ஆட்டத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் அதற்கு மேலே வைத்த எண்களை ஒன்று குறைப்பது. மாமா உச்ச எண்ணையே அங்கே வைத்திருந்ததால் அவருக்கு எதுவும் குறையாது: 79. சிறியவன் 9 வைத்திருந்தான். 10 முதல் 16 வரை அவன் வைத்த ஏழில் ஐந்து சரி, ஐந்து புள்ளி குறையும்: 79.

சமன். சமனைப் பிரிக்க வேண்டியது திங்கள் இரவு ஆட்டத்தின் மொத்தப் புள்ளி. அந்த ஆட்டம்தான் இல்லை.

இந்த மூன்றையும் எழுதி முடித்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. மூன்றும் நியாயம்போலத் தெரிகின்றன, மூன்றும் வேறு வேறு முடிவைத் தருகின்றன. எதைத் தேர்ந்தாலும், எண்களைப் பார்த்த பிறகு தேர்ந்தேன் என்பது மாறாது.

இதில் இரண்டு பேரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மாமா, "பையனுக்கே குடும்மா, அவன் ஊர்ல நடந்தது, பாவம் பயந்துபோயிருக்கான்" என்றார். சிறியவனோ, தாத்தா அதிகம் சரியாகச் சொல்லியிருக்கிறார், பத்துக்குப் பதினொன்று, அதனால் அவருக்குத்தான் என்றான். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள். பார்க்க மனசு நிறைந்தது. ஆனால் நடத்துகிறவளுக்கு அது உதவாது. பாசத்தால் கிடைத்த வெற்றியை பதினொரு வயதுப் பிள்ளை ஆயுசுக்கும் நினைவில் வைத்திருப்பான், சுகமாக அல்ல. மற்ற ஐந்து பேருக்கும் அந்த வாரக் கணக்கு இருக்கிறது என்பதையும் நாங்கள் மறந்துகொண்டிருந்தோம். மாமா மகள்தான் அதை நினைவூட்டினாள். இரண்டாம் வழியில் அவளுக்கு 3 புள்ளிதான் வரும், மாமாவுக்கு 16 வரும். நடக்காத ஆட்டத்துக்கு எதற்காகத் துணிச்சலுக்குப் பரிசு என்று கேட்டாள். சரியான கேள்வி. நடந்திருந்தால் அந்த 16 பூஜ்யமாகவும் ஆகியிருக்கலாம்.

முதல் வழியின் குறை அதற்கு நேரெதிர். மாமா தன் மிகப் பெரிய எண்ணை நடக்காத ஆட்டத்தில் பூட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் சின்ன எண்ணை இழக்க, அவர் 16-ஐ இழப்பார். அதற்கு அவர் கணிப்பு காரணமே இல்லை. மூன்றாம் வழி மட்டும்தான் யாருடைய பெயரையும் பார்க்காமல், மிச்சமிருக்கும் 15 ஆட்டங்களில் யார் எதை அதிகம் நம்பினார்கள் என்ற வரிசையை மட்டும் காப்பாற்றுகிறது. அதைத்தான் எடுத்தேன். வாரப் பட்டத்தை இருவருக்கும் பாதியாகப் பிரித்தேன். வெள்ளி இரவு எல்லோருக்கும் மூன்று வழிகளையும் எண்களோடு அனுப்பி, காரணத்தை எழுதி, ஏழு பேரும் சரி என்ற பிறகே தாளைத் திறந்தேன்.

அதே நாட்களில் லீக்கும் இதே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பில்ஸுக்கும் பெங்கால்ஸுக்கும் 16 ஆட்டம், மற்றவர்களுக்கு 17. வெற்றி விகிதத்தை வைத்துத் தரவரிசை போட்டார்கள். அடிப்படையில் எங்கள் மூன்றாம் வழி. ஆனால் அதனால் பில்ஸுக்கு முதலிடம் பறிபோகலாம் என்பதால், பில்ஸும் சீஃப்ஸும் மாநாட்டு இறுதியில் (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்று) மோதினால் பொது மைதானத்தில் ஆட்டம் என்று ஜனவரி 6 அன்று அணி உரிமையாளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அந்த மைதானம் அட்லாண்டா என்று பிறகு அறிவித்தார்கள். கூடவே, கடைசி வாரத்தில் ரேவன்ஸ் பெங்கால்ஸை வென்று, அடுத்து அதே இரண்டும் பிளேஆஃப் முதல் சுற்றில் மோத நேர்ந்தால், எந்த ஊரில் ஆடுவது என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்வது என்றும் வைத்தார்கள். சின்சினாட்டிக்குக் கடும் கோபம். விதிப்படி அவர்கள் ஏற்கெனவே பிரிவுப் பட்டம் வென்றவர்கள், சொந்த ஊர் ஆட்டம் அவர்களுக்கு உரியது. பயிற்சியாளர் ஸாக் டெய்லர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். ஞாயிறன்று டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) அடித்த பெங்கால்ஸின் ஜோ மிக்ஸன் கையுறையிலிருந்து நாணயத்தை எடுத்துச் சுண்டிக் காட்டினார். பெங்கால்ஸ் 27–16 ஜெயித்ததால் நாணயத்துக்கு வேலை வரவில்லை. அட்லாண்டாவுக்கும் வரவில்லை: ஜனவரி 22 அன்று பெங்கால்ஸே பில்ஸை 27–10 என வெளியேற்றியது. கோடிக்கணக்கில் பணமும் வழக்கறிஞர் படையும் உள்ள லீக்கே பாதி வழியில் விதி எழுதினால் ஒரு தரப்புக்கு வலிக்கும் என்பதை அந்த வாரம் பார்த்தேன்.

வாரம் 18

மாமா மூன்று புள்ளி முன்னிலையோடு கடைசி வாரத்துக்கு வந்தார். பேட்ரியட்ஸுடனான ஆட்டத்தில் அவர் பில்ஸ் மேல் 16 வைத்தது செய்தியே இல்லை. சிறியவனும் பில்ஸ் மேல் 16 வைத்திருந்தான். ஜனவரி 8, ஆர்ச்சர்ட் பார்க். முதல் உதையைப் பிடித்த நைஹீம் ஹைன்ஸ் 96 யார்டு ஓடி நேரே டச்டவுன். மாமா ஃபோனில் அலறியது மட்டும் கேட்டது, வார்த்தை எதுவும் புரியவில்லை. ஹைன்ஸ் இரண்டாம் பாதியில் இன்னொரு முறை 101 யார்டு ஓடினார். பில்ஸ் 35–23.

இருவரும் அங்கே ஒன்றே எழுதியதால் வித்தியாசம் மற்ற ஆட்டங்களில்தான் வந்தது. ஞாயிறு இரவு கடைசி ஆட்டத்துக்கு முன் மாமா நான்கு முன்னால். கிரீன் பேயில் லயன்ஸ், பேக்கர்ஸ், இரண்டும் 8–8. பேக்கர்ஸ் ஜெயித்தால் பிளேஆஃப், சொந்த மைதானம், குளிர். மாமா பேக்கர்ஸ் மேல் 5 வைத்திருந்தார். பருவத்தை 1–6 என்று தொடங்கிய லயன்ஸ் அதன் பிறகு ஒன்பதில் ஏழு ஜெயித்திருந்ததைப் பார்த்து சிறியவன் அதன் மேல் 6. ஆட்டம் தொடங்கும் முன்பே, சியாட்டிலின் வெற்றியால் லயன்ஸின் பிளேஆஃப் கனவு முடிந்திருந்தது. ஆடுவதற்குக் காரணமே இல்லாத அணி 20–16 ஜெயித்தது.

சிறியவன் இரண்டு புள்ளியில் பருவம் வென்றான். முதல் வழியை எடுத்திருந்தால் ஏழு புள்ளியில் வென்றிருப்பான். இரண்டாம் வழியில் சமனாக முடிந்திருக்கும். நிலவரம் மாறியிருந்தால் இருவரும் கடைசி வாரத்தை வேறு மாதிரி ஆடியிருக்கலாம் என்பதும் உண்மைதான். மாமா மறுநாளே பந்தைப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்பினார். உள்ளே ஒரு பில்ஸ் கம்பளித் தொப்பியும் இருந்தது.

பிறகு எழுதிய விதிகள்

2023 கோடையில் எல்லோரும் அக்கா வீட்டில் கூடியபோது ஒரு பக்கம் எழுதினோம். ஆட்டம் சமன் என்றால் வைத்ததில் பாதி. அத்தானுக்கு அதன் மேல் தனிப் பிரியம். ஆட்டம் வேறு ஊருக்கு மாறினால் அந்த ஓர் ஆட்டத்தின் கணிப்பை மட்டும் அது தொடங்கும்வரை மாற்றலாம், புள்ளி எண்ணை மாற்றக் கூடாது. ஆட்டம் அந்த வாரத்துக்குள் முடிக்கப்படாவிட்டால் மூன்றாம் வழி. சமனைப் பிரிக்கும் ஆட்டமே இல்லாமல் போனால், அதிக எண்ணிக்கையில் சரியாகச் சொன்னவர். அதுவும் சமமென்றால் பட்டம் பாதிப் பாதி. எழுதாத ஒன்று வந்தால், அந்த வாரத்தில் முதல் இரண்டு இடத்தில் இல்லாத மூன்று பேர் கூடி முடிவுசெய்வது. இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த ஜனவரியில் நான் தனியாகச் சுமந்ததை இனி யாரும் தனியாகச் சுமக்க வேண்டாம். சமன் விதிக்கு 2025 செப்டம்பர் 28 வரை வேலை வரவில்லை. அன்று பேக்கர்ஸ், கவ்பாய்ஸ் 40–40. நான் தாளைத் திறப்பதற்குள் சிறியவன் பாதிப் புள்ளிகளைப் போட்டு முடித்திருந்தான்.

ஹாம்லினுக்கு நேர்ந்தது கமோஷியோ கார்டிஸ் என்று பின்னர் உறுதிசெய்தார்கள். துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நுண்கணத்தில் நெஞ்சில் அடி விழுந்தால் இதயத்தின் தாளம் சிதறிவிடும். உடனே சி.பி.ஆர். கொடுத்ததுதான் காப்பாற்றியது. எங்கள் ஏழு பேரோடு அத்தையும் சேர்ந்து அந்த வசந்தத்தில் சி.பி.ஆர். பயிற்சி எடுத்தோம். 2023 ஏப்ரலில் அவர் மீண்டும் ஆடலாம் என்று மருத்துவர்கள் அனுமதித்தார்கள்.

2024 செப்டம்பர் 23-ம் ஒரு திங்கள் இரவு. ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம்: பஃபலோவில் பில்ஸ், ஜாகுவார்ஸ். சின்சினாட்டியில் பெங்கால்ஸ், கமாண்டர்ஸ். அக்கா மகன் தன் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பில்ஸ் ஆட்டத்தின் முதல் பாதியில் ஹாம்லின் எதிரணியின் பந்தைப் பறித்துப் பிடித்தார், அவருடைய என்.எஃப்.எல். வாழ்க்கையின் முதல் இன்டர்செப்ஷன். மாமா அவனுக்கு ஃபோன் போட்டபோது எங்கேஜ்டு வந்ததாம். அவன் அதே நேரத்தில் தாத்தாவுக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.